வானில் செல்லும் அபாயச் சரக்கு

ஐஸ் பாளத்தை மரத்தூளிலோ உமியிலோ புதைத்து, மேலே கோணிச்சாக்கைப் போட்டு மூடிவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. துகள்களுக்கு இடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. காற்றும் வெப்பத்தை அரிதாகவே கடத்தும். ஆகவே வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே இருக்கும் ஐஸைத் தொடுவதற்கு வெகு நேரமாகிறது.

ஆனால் இந்த உண்மைக்கு மறுபாதி ஒன்றும் உண்டு. வெளி வெப்பத்தை உள்ளே விடாத மரத்தூள், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேயும் விடாது. பாதுகாப்பு என்று கருதி வைக்கப்பட்ட மரத்தூள், 1973ஆம் ஆண்டில் மூன்று விமான ஊழியர்களின் உயிரைப் பறித்த கதையை முதலில் பார்ப்போம். அபாயகரமான பொருள்களை விமானத்தில் எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நிகழ்ச்சியே நல்ல பாடப்புத்தகம்.

பாஸ்டனில் நடந்தது

1973 நவம்பர் 3ஆம் நாள் காலை. நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் ஒன்று, ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள பிரெஸ்ட்விக் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதில் பயணிகள் இல்லை. விமானிகள் இருவர், விமானப் பொறியாளர் ஒருவர், ஆக மூன்றே பேர். சரக்குகளில் பல ஆயிரம் கிலோ இரசாயனப் பொருள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, மரப்பெட்டிகளில் வைக்கப்பட்ட கண்ணாடிப் புட்டிகளில் அடர் நைட்ரிக் அமிலம். மின்னணுத் தொழிற்சாலைகளில் சிலிக்கன் தகடுகளைத் தூய்மை செய்யவும் அரிக்கவும் இந்த அமிலம் தேவைப்படுகிறது.

புறப்பட்ட சுமார் அரை மணி நேரத்தில், விமானிகளின் அறைக்குக் கீழே மின்கருவிகள் உள்ள பகுதியில் புகை தென்பட்டது. விமானம் திரும்பியது. முதலில் நியூயார்க்குக்கே போக எண்ணியவர்கள், புகை மிகுந்ததும் அதைவிட அருகிலிருந்த பாஸ்டனில் இறங்க முடிவு செய்தனர். புகை நிற்கவில்லை, விமானிகளின் அறைக்குள்ளேயே மண்டியது. ஏதேனும் மின்கோளாறாக இருக்குமோ என்று மின்சுற்றுகள் சில துண்டிக்கப்பட்டன. அவற்றுடன் ஒரு முக்கியமான கருவியும் நின்றுபோயிற்று. விமானத்தின் மூக்கு இடமும் வலமுமாக அலையாதபடி வால் சுக்கானைத் தானாகவே திருத்திக்கொண்டிருக்கும் கருவி அது. இறங்கும் நேரத்தில் சிறகுகளின் மேல் உள்ள தடுப்புத் தகடுகளும் நிமிர்ந்திருந்தன. ஓடுபாதை கண்ணுக்கு எட்டிய தொலைவில் இருந்தபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்து தரையில் மோதியது. மூவரும் இறந்தனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. எரிந்த சிதைவுகளிலிருந்து புகையின் மூலத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடியவில்லை. எனினும், கசிந்த நைட்ரிக் அமிலமும் புட்டிகளைச் சுற்றி அடைத்திருந்த மரத்தூளும் வினைபுரிந்ததே தொடக்கம் என்ற முடிவுக்கு வாரியம் வந்தது. அமிலப் பெட்டிகளில் பல, 'இந்தப் பக்கம் மேலே' என்று இருக்க வேண்டியவை, பக்கவாட்டில் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிய வந்தது.

புட்டி உடையாமல் இருக்க மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும் என்று நினைத்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நாமும் கண்ணாடிச் சாமான்களுக்கு வைக்கோலோ மரத்தூளோ வைத்துத்தானே கட்டுகிறோம்? புட்டிக்குள் இருப்பது தண்ணீராக இருந்தால் அது சரியான கட்டுமானம். உள்ளே இருப்பது நைட்ரிக் அமிலம் என்பதுதான் வேறுபாடு.

தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவரும் பொருள்

ஆய்வுக்கூடத்தில் அடர் நைட்ரிக் அமிலம் கையில் பட்டு மஞ்சள் கறை படிந்த மாணவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். தோலிலுள்ள புரதத்தோடு அமிலம் வினைபுரிந்ததன் அடையாளம் அது. எவ்வளவு கழுவினாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். இந்த அமிலம் வெறும் அமிலம் மட்டும் அன்று. அது வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. சூடுபடுத்தினால் நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைகிறது. செம்பழுப்பு நிறத்தில் மூக்கைத் துளைக்கும் புகை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நைட்ரஜன் டை ஆக்சைடு.

மரத்தூள் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ்; அதாவது எரிபொருள். ஒரு மரக்கட்டையைவிட அதே எடையுள்ள மரத்தூளுக்கு மேற்பரப்பு பல மடங்கு அதிகம். ஆகவே அமிலம் தொடுவதற்கு இடமும் அதிகம். அமிலம் ஊறத் தொடங்கியதும் வினை மெதுவாக நடக்கிறது, கொஞ்சம் வெப்பம் வெளிவருகிறது. திறந்த வெளியில் இருந்தால் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். மூடிய பெட்டிக்குள், மரத்தூளின் நடுவில், அது எங்கே போகும்? அங்கேயே தங்கி வெப்பநிலையை உயர்த்துகிறது. வெப்பநிலை உயர்ந்தால் வினையின் வேகம் கூடும் என்பது உங்கள் வேதியியல் பாடத்தில் உள்ளதே. வேகம் கூடினால் வெப்பம் இன்னும் மிகுதி. இவ்வாறு வளர்ந்து, தீக்குச்சியே இல்லாமல் பெட்டி புகையத் தொடங்குகிறது. ஐஸைக் காப்பாற்றிய அதே பண்பு இங்கே தீயை வளர்க்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சாதாரண நெருப்பைக் காற்றுப் படாமல் மூடினால் அணைத்துவிடலாம். இங்கே ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வரவில்லை, அமிலத்திலிருந்தே வருகிறது. காற்றைத் தடுத்து அணைக்கும் முறை இந்த வகை நெருப்பிடம் முழுமையாகப் பலிக்காது.

இன்று நைட்ரிக் அமிலப் புட்டிகளைச் சுற்றி எரியாத, அமிலத்தோடு வினைபுரியாத பொருள்களையே அடைக்க வேண்டும். வெர்மிகுலைட் என்ற கனிமத்தைச் சூடாக்கிப் பொரிபோல உப்பவைத்துப் பயன்படுத்துகிறார்கள். மெத்தையாகவும் இருக்கும், கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும், எரியாது. 20 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள நைட்ரிக் அமிலம் பயணிகள் விமானத்தில் ஏறவே கூடாது. 70 சதவீதத்துக்கு மேற்பட்டது சரக்கு விமானத்திலும் ஒரு பொதிக்கு இரண்டரை லிட்டர்தான்.

உதகைக்குப் போன பிஸ்கட் பொட்டலம்

சரி, அமிலம் ஏன் கசிந்தது? பெட்டி சாய்ந்திருந்தது ஒரு காரணம். ஆனால் நன்றாக நிமிர்ந்திருக்கும் புட்டிகூட விமானத்தில் கசியலாம். லாரியிலும் ரயிலிலும் இல்லாத ஒரு சோதனை அங்கே காத்திருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் உதகமண்டலம் போய்ச் சேரும்போது பலூன்போல உப்பியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அடைபட்ட காற்று கீழ்நாட்டு அழுத்தத்தில் இருக்கிறது. மலையில் வெளியே அழுத்தம் குறைவு. ஆகவே பொட்டலம் புடைக்கிறது. உயரே பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் வைக்கப்படுவதில்லை. சுமார் 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் அழுத்தம் அளவுக்குக் குறையலாம். உதகை நகரத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிது கணக்குப் போடுவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.03 கிலோ. 8,000 அடியில் ஏறத்தாழ 0.77 கிலோ. வேறுபாடு 0.26 கிலோ. புட்டியின் மூடி 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளது என்றால், உள்ளிருந்து அதைத் தள்ளும் விசை 2.6 கிலோ எடைக்குச் சமம். இது எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது உள்ள நிலை. விமானத்தின் உடலில் ஓட்டை விழுந்தோ வேறு காரணத்தாலோ 35,000 அடி உயரத்தில் உள்ளழுத்தம் முழுவதும் போய்விட்டால்? அங்கே வெளி அழுத்தம் 0.24 கிலோதான். மூடியைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 8 கிலோ ஆகிவிடும். தளர்வாக மூடிய மூடி தாங்குமா?

இதனால்தான் விமானத்தில் போகும் திரவக் கலன்கள் 95 கிலோ பாஸ்கல் அழுத்த வேறுபாட்டைக் கசியாமல் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அது ஏறத்தாழ ஒரு முழு வளிமண்டல அழுத்தம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது மேலே செய்த கணக்கைப் பார்த்தாலே விளங்கும். மேலும், மூடி அதிர்விலும் தானாகத் திருகிக் கழன்றுவிடாதபடி பட்டை ஒட்டியோ கம்பி கட்டியோ இறுக்க வேண்டும். புட்டியை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. வெயிலில் நிற்கும் விமானத்தின் வயிற்றில் வெப்பநிலை எகிறும், திரவம் விரிவடையும். 55 டிகிரி செல்சியஸில்கூடக் கலன் ததும்பாமல் இருக்குமளவு இடம் விட்டே நிரப்ப வேண்டும். எண்ணெய்க் கடைக்காரர் டின்னை முழுக்க நிரப்பவில்லை என்று சண்டைபோடுவோர் உண்டு. இந்த விஷயத்தில் நிரப்பினால்தான் சண்டைபோட வேண்டும்.

பொதி என்பது ஓர் உறை மட்டும் அன்று. அமிலம் கண்ணாடிப் புட்டியில். புட்டி கசிவு காக்கும் பிளாஸ்டிக் உறையில். சுற்றிலும் உறிஞ்சும் பொருள். அதற்கு வெளியே உறுதியான பெட்டி. ஒன்று தவறினால் அடுத்தது காக்கும். இந்தப் பெட்டியைத் தூக்கிக் கீழே போட்டுப் பார்க்கிறார்கள். உண்மையாகவே! மிகுந்த அபாயமுள்ள பொருளுக்கான பெட்டி 1.8 மீட்டர் உயரத்திலிருந்தும், நடுத்தர அபாயத்துக்கு 1.2 மீட்டரிலிருந்தும், குறைந்த அபாயத்துக்கு 0.8 மீட்டரிலிருந்தும் கடினமான தரையில் விழுந்து உள்ளிருப்பதைச் சிந்தாமல் இருக்க வேண்டும். 1.8 மீட்டரிலிருந்து விழும் பெட்டி என்ன வேகத்தில் தரையைத் தொடும்? நீங்கள் படித்த சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் என்று வந்தால் விடை சரி. பிறகு, அதே மாதிரிப் பெட்டிகளை 3 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் அடிப்பெட்டிமேல் வரும் சுமையை 24 மணி நேரம் ஏற்றிவைத்தும் சோதிக்கிறார்கள்.

ஒன்பது வகுப்புகள்

உலகெங்கும் அபாயப் பொருள்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிப்பொருள்கள் முதல் வகுப்பு, அழுத்தி அடைத்த வாயுக்கள் இரண்டு, பெட்ரோல், சாராயம், வர்ணப்பூச்சு முதலான எரியும் திரவங்கள் மூன்று, எரியும் திடப்பொருள்கள் நான்கு, ஆக்சிஜனேற்றிகளும் கரிமப் பெராக்சைடுகளும் ஐந்து, நச்சுப் பொருள்களும் நோய்க்கிருமி கொண்டவையும் ஆறு, கதிரியக்கப் பொருள்கள் ஏழு, அரிப்பவை எட்டு, இவற்றில் அடங்காத மற்றவை ஒன்பது. ஒவ்வொன்றுக்கும், முனையில் நிற்கும் சதுரத்தில் ஒரு படமும் நிறமும் உண்டு. எட்டாம் வகுப்புச் சீட்டில், சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரிப்பதுபோல் வரைந்திருக்கும். எந்த மொழியும் தெரியாத சுமைதூக்குபவருக்கும் அது புரியும். அடர் நைட்ரிக் அமிலத்துக்கு இரண்டு சீட்டுகள்: அரிப்பது என்பதற்கு ஒன்று, ஆக்சிஜனேற்றி என்பதற்கு ஒன்று.

ஒவ்வொரு பொருளுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு ஒரு நான்கு இலக்க எண்ணும் கொடுத்திருக்கிறது. நைட்ரிக் அமிலம் 2031. நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் சமையல் வாயு டேங்கர் லாரியின் பின்புறத்தில் 1075 என்றும், பெட்ரோல் லாரியில் 1203 என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அதே வரிசையில் வரும் எண்கள்தாம் விமானத்திலும்.

எட்டாம் வகுப்பில் பாதரசம் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். பாதரசம் அமிலமில்லையே, எதை அரிக்கும்? விமானத்தைத்தான். பெரும்பாலான விமானங்களின் சட்டமும் தோலும் அலுமினியக் கலவை. அலுமினியம் மிகவும் வினைத்திறன் உள்ள உலோகம், ஆயினும் துருப்பிடிப்பதில்லை. அதன்மேல் மெல்லிய அலுமினியம் ஆக்சைடுப் படலம் கவசமாக ஒட்டியிருப்பதே காரணம். படலத்தில் கீறல் உள்ள இடத்தில் பாதரசம் பட்டால், அலுமினியம் அதில் கரைந்து இரசக்கலவை ஆகிறது. கரைந்த அலுமினியம் பாதரசத்தின் மேற்பரப்புக்கு வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெண்மையான பஞ்சு இழைகள்போல் வளர்கிறது. பாதரசம் செலவாவதில்லை, அடுத்த அணுவைத் தின்னத் தயாராக இருக்கிறது. சிந்திய பாதரசம் இண்டு இடுக்குகளில் உருண்டு ஓடி ஒளிந்துகொள்ளும் குணமுள்ளது என்பதால் தேடி எடுப்பதும் கடினம். காலியம் என்ற உலோகமும் இதே வகுப்புதான். அது 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பநிலையிலேயே உருகிவிடும். நம் ஊர்க் கோடையில் மேசைமேல் வைத்தாலே போதும்.

ஒன்பதாம் வகுப்பில் உலர் பனிக்கட்டி உண்டு. திடநிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அது. தடுப்பூசி, மீன், பழம் ஆகியவற்றைக் குளிராக வைக்க உடன் அனுப்புகிறார்கள். அது உருகாமல் நேரே வாயுவாகிறது. 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிலோ உலர் பனிக்கட்டி சுமார் 540 லிட்டர் வாயுவாகும். அதே அறையில் கூண்டில் ஒரு நாய்க்குட்டியும் பயணம் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை. காற்றைவிடக் கனமான வாயு ஆதலால் தரையோடு தரையாகத் தேங்கும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். உலர் பனிக்கட்டிப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கவும் கூடாது. வாயு வெளியேற வழி வேண்டும், இல்லையேல் பெட்டியே வெடிகுண்டு.

அப்படியானால் இவற்றையெல்லாம் விமானத்தில் ஏற்றாமலே இருந்தால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவமனைகளில் உடலின் உள்ளுறுப்புகளைப் படம் எடுக்க டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமம் பயன்படுகிறது. அது மாலிப்டினம்-99 என்பதிலிருந்து கிடைக்கிறது. மாலிப்டினம்-99 உடைய அரைவாழ்வு 66 மணி நேரம். அணு உலையில் செய்து கப்பலில் அனுப்பினால், மூன்று வாரத்தில் 200 பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளிக்கு அது வந்தும் பயனில்லை. பறந்தே ஆக வேண்டிய அபாயச் சரக்கு அது.

சரக்கு விமானத்துக்கு மட்டும்

ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு சீட்டு உண்டு. 'சரக்கு விமானத்துக்கு மட்டும்' என்பது அதன் பொருள். பயணிகள் விமானத்துக்கு மறுக்கப்படும் பல பொருள்களைச் சரக்கு விமானம் ஏற்கிறது. அங்கும் மனிதர்கள்தானே ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். முன்னூறு பயணிகள் இல்லை என்பது ஒரு காரணம். அபாயத்தை அறிந்து பயிற்சி பெற்றவர்களே அதில் செல்கிறார்கள் என்பது இரண்டாவது. இத்தகைய பொதிகளில் பலவற்றை, பறக்கும்போதே ஊழியர் ஒருவர் எட்டிப் பார்க்கவும் கையாளவும் கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. எந்தப் பொதி, எந்த எண், எத்தனை, எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு புறப்படும் முன் தலைமை விமானியின் கையில் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும். புகை வந்தால் அது எதன் புகை என்று அவர் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

இந்த விதிகளில் பல 1973இலேயே ஏதோ ஒரு வடிவில் இருந்தவைதான். அந்த விசாரணை அறிக்கையில் என்னை மிகவும் தைத்தது இதுதான்: விதிகள் சிக்கலாக இருந்தன, பெட்டியைக் கட்டுபவருக்கும் ஏற்றுபவருக்கும் அவை தெரிந்திருக்கவில்லை, கண்காணிப்பும் போதவில்லை என்று வாரியம் எழுதியது. பின்னர் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1981இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதிமுறையை ஏற்று, 1984 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் விரிவான கையேடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இந்தியாவிலும் 2003இல் இதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பொருளை அனுப்புபவர், கட்டுபவர், ஏற்றுபவர் என அனைவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அனுப்புபவர் சிவப்புக் கோடிட்ட விளிம்புள்ள படிவத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று கையொப்பமிட்டு உறுதி கூற வேண்டும்.

காலி என்று எழுதிய பெட்டி

எழுதியது பொய்யானால் என்ன ஆகும்? 1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேலுஜெட் பயணிகள் விமானத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகள் ஏறின. ஆக்சிஜன் குப்பிகள், காலியானவை என்று சீட்டில் எழுதியிருந்தது. பயணிகளின் தலைக்குமேல் முகமூடிகள் இருக்குமே, ஆபத்தில் அவற்றுக்கு ஆக்சிஜன் தரும் குப்பிகள் அவை. உள்ளே சோடியம் குளோரேட் இருக்கும். சிறு மருந்துக் குமிழ் ஒன்று தட்டப்பட்டால் அது சூடாகி, சாதாரண உப்பாகவும் ஆக்சிஜனாகவும் சிதையும். வெளிக் கூடு 200 டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும். அந்தக் குப்பிகளின் பயன்பாட்டுக் காலம் முடிந்திருந்தது. ஆனால் பெரும்பாலானவை காலியாகவில்லை. தட்டும் ஊசிக்குப் போட வேண்டிய சிறிய பாதுகாப்பு மூடிகளும் போடப்படவில்லை.

பறந்த பத்து நிமிடத்தில் விமானம் தீப்பிடித்துச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேர் மாண்டனர். அந்தச் சரக்கு அறை, காற்று மிகக் குறைவாகவே புகும்படி அமைந்தது. தீப்பிடித்தால் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து தானே அணைந்துவிடும் என்பது அதை அமைத்தவர்களின் எண்ணம். ஆக்சிஜனையே ஊற்றெடுக்கும் சரக்கு அங்கே வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டன் விமானத்தில் பார்த்த அதே வேதியியல் வேறு உருவில் வந்தது. பின்னர் அத்தகைய அறைகளில் புகை உணர்கருவியும் தீயணைப்பு அமைப்பும் பொருத்த வேண்டும் என்று 1998இல் அமெரிக்காவில் விதி செய்யப்பட்டது.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சரக்கு

இக்காலத்தில் விமான நிறுவனங்களை அதிகம் கவலைப்பட வைப்பது அமிலமோ வெடிமருந்தோ அல்ல. கைபேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள லித்தியம் அயனி மின்கலம். ஐக்கிய நாடுகள் எண் 3480. உள்ளே எரியும் தன்மையுள்ள கரிமத் திரவம் இருக்கிறது. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே காகிதத்தினும் மெல்லிய பிளாஸ்டிக் திரை. நசுங்கினாலோ, தயாரிப்பில் குறையிருந்தாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ திரை கிழிந்து முனைகள் தொட்டுக்கொள்ளும். சூடு எழும், சூட்டினால் வினைகள் வேகமெடுக்கும், வேகத்தால் சூடு மிகும். மரத்தூளில் பார்த்த அதே சுழல். ஒரு கலம் வெடித்துச் சீறும் வெப்பம் பக்கத்துக் கலத்தை அதே நிலைக்குத் தள்ளுகிறது. அது அடுத்ததை. தீயணைக்கும் ஹாலான் வாயு வெளிச் சுடரை அடக்கலாம். கலத்திலிருந்து கலத்துக்குத் தாவும் வெப்பத்தை அதனால் நிறுத்த முடிவதில்லை.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் பறந்த யூபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்குப் பகுதியில் தீ மூண்டது. எச்சரிக்கை மணி அடித்ததும் விமானிகள் துபாய்க்குத் திரும்பினர். புகை எவ்வளவு அடர்த்தி என்றால், கண்முன் உள்ள கருவிகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. தலைமை விமானியின் முகமூடிக்கு வந்த ஆக்சிஜன் நின்றுபோக, அவர் இருக்கையை விட்டு எழுந்து போனார், திரும்பி வரவில்லை. துணை விமானி ஒருவராய், மற்ற விமானங்கள் வானொலியில் சொல்லச் சொல்லக் கேட்டு ஓட்ட முயன்றார். மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தனர்.

2016 ஏப்ரல் 1 முதல், லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்தில் அனுப்பும்போதும் அவற்றில் முழுக் கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது. குறைந்த ஆற்றல் இருந்தால், ஒரு கலம் கெட்டாலும் பக்கத்துக் கலத்தைக் கெடுக்கும் வலிமை குறையும் என்பது அடிப்படை.

விமானத்தில் போகும் உங்கள் உறவினர் உபரி மின்கலத்தையும் மின்னேற்றப் பெட்டியையும் பெரிய பெட்டிக்குள் போடாமல் கையிலேயே எடுத்துச் செல்லும்படி சொல்லப்படுவதும் இதனால்தான். கையில் இருப்பது புகைந்தால் யாராவது பார்ப்பார்கள்; தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கலாம். அடியில் சரக்கோடு சரக்காகக் கிடந்தால் யார் பார்ப்பது?

செய்து பாருங்கள்: அடுத்த முறை உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது, அங்கே காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி ஒன்றை இறுக மூடி எடுத்து வாருங்கள். சமவெளிக்கு வந்ததும் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதுபோல் 0.77 பங்கு, மேட்டுப்பாளையத்தில் 0.96 பங்கு என்று கொண்டு, உள்ளிருக்கும் காற்றின் கன அளவு எத்தனை பங்கு குறைந்திருக்கும் என்று பாயில் விதியால் கணக்கிடுங்கள். வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, கீழே இருந்து மேலே போகும் புட்டிக்கு இதற்கு நேர்மாறாக என்ன நடக்கும் என்பதையும், அதன் மூடியின் பரப்பை அளந்து, அதன்மேல் எத்தனை கிலோ எடை தள்ளும் என்பதையும் கண்டுபிடியுங்கள்.